ஆறும் சேறும் கணக்கும்

கேள்வி இது: "சுமேரியர், பாபிலோனியர் என்று பாடப்புத்தகத்தில் சேர்த்தே வருகிறது. இருவரும் ஒரே மக்களா? ஆற்றங்கரையில் அவர்கள் அப்படி என்ன செய்தார்கள், பிறகு எப்படி மறைந்தார்கள்? சுமேரிய மொழி தமிழ்தான் என்கிறார்களே, உண்மையா?"

ஒரே மக்கள் அல்லர். யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகள் கடலை நெருங்கும் தென்கோடிச் சமவெளியில், அதாவது இன்றைய ஈராக்கின் தெற்கில், கி.மு. 3000-க்கு முன்பிருந்தே உருக், ஊர், எரிடு, லகாஷ் என்று நகரம் நகரமாகக் கட்டி வாழ்ந்தவர்கள் சுமேரியர். பாபிலோன் அதற்கு வடக்கே, இன்றைய பாக்தாத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்த நகரம். அது பேரரசின் தலைநகராகத் தலையெடுத்தது கி.மு. 18-ஆம் நூற்றாண்டில்தான். இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மொழியும் வேறு. ஆனால் பாபிலோனியர் எழுதிய எழுத்து, போட்ட கணக்கு, கும்பிட்ட தெய்வங்கள் எல்லாவற்றுக்கும் வேர் சுமேரியரிடம் இருக்கிறது. அதனால்தான் சேர்த்துச் சொல்கிறோம்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன். அரசர் பட்டியலை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை நடத்தினால் மாணவர்களுக்கு ஒன்றுமே நிற்காது. சேற்றிலிருந்து தொடங்கினால் எல்லாம் தானாக விளங்கும். இங்கேயும் அப்படியே தொடங்குகிறேன்.

அந்தச் சமவெளியில் கல் கிடையாது. நல்ல மரம் கிடையாது. செம்பு, வெள்ளி எதுவும் கிடையாது. மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாது. மழையை நம்பி விதைக்க முடியாது. இருப்பதெல்லாம் வண்டல் மண், நாணல், பேரீச்சை மரம், அப்புறம் ஆறு. அந்த ஆறும் சொன்னபடி கேட்கிற ஆறு அல்ல. எகிப்தில் நைல் வெள்ளம் அறுவடை முடிந்த பிறகு கோடையில் வரும். வடிந்ததும் ஈர மண்ணில் விதைத்துவிடலாம். இங்கே தலைகீழ். துருக்கி மலைகளில் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும். பார்லி முற்றி அரிவாளுக்குக் காத்திருக்கும் நேரம் அது. விதைக்கிற அக்டோபர், நவம்பரிலோ ஆற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். வேண்டும்போது இல்லை, வேண்டாதபோது கரை புரளும். போதாக்குறைக்கு, ஆறு தன் வண்டலைக் கரையோரம் கொட்டிக்கொட்டி, சுற்றியுள்ள வயல்களைவிட உயரத்தில் ஓடியது. கரையை வெட்டினால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும், அது வசதி. அதே கரை தானாக உடைந்தால் ஊரே போய்விடும்.

ஆக, வாய்க்கால் வெட்ட வேண்டும், தூர் வார வேண்டும், கரை கட்ட வேண்டும். யாருக்கு எந்த முறை தண்ணீர், யார் எத்தனை நாள் வேலை செய்தார், அவருக்கு எவ்வளவு பார்லி கூலி என்பதற்கெல்லாம் கணக்கு வேண்டும். கோயில்கள் பெரும் நிலத்தையும் களஞ்சியங்களையும் நிர்வகித்தன. ஆயிரக்கணக்கான ஆட்களுக்குப் படி அளந்தன. நினைவில் வைத்துக்கொள்ளும் அளவு அல்ல அது.

உருக்கில் அகழ்ந்தபோது ஒரே மாதிரியான மட்டமான மண் கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. சாய்ந்த விளிம்பு, அச்சில் அழுத்திச் செய்தவை, அழகு என்று ஒன்றும் இல்லை. கூலியாளுக்கு உணவு அளந்து கொடுக்கும் கிண்ணம் என்பது பல அறிஞர்களின் கருத்து. அதே நகரத்தில், கி.மு. 3300-ஐ ஒட்டி எழுதப்பட்ட களிமண் பலகைகளில் ஒரு குறி வருகிறது: ஒரு மனிதத் தலை, அதன் வாய்ப்பக்கம் அந்தக் கிண்ணம். பொருள், 'உண்' என்பது. கிண்ணம் தரையில் கிடக்கிறது, அதன் படம் பலகையில் இருக்கிறது. எழுத்து எதற்காகப் பிறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. உருக்கின் அந்தத் தொடக்கப் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை வரவு செலவுதான். கவிதை இல்லை, அரசன் புகழ் இல்லை. ஒன்றில் 29,086 அளவை பார்லி, 37 மாதம், குஷிம் என்று இருக்கிறது. குஷிம் என்பது ஆளின் பெயரா பதவியின் பெயரா என்று இன்னும் வாதிடுகிறார்கள். ஆளின் பெயராக இருந்தால், உலகில் எழுத்தில் பதிந்த முதல் பெயர்களில் ஒன்று ஒரு களஞ்சியக் கணக்குப்பிள்ளையுடையது.

வகுப்பில் ஒருமுறை குளத்து வண்டலைப் பிசைந்து, ஐஸ் குச்சியின் முனையைச் சாய்வாக வெட்டிக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னேன். முதலில் எல்லோரும் பேனாவைப் போல இழுத்தார்கள். மண் குச்சியோடு சுருண்டு வந்தது, கோடு பிசிறியது. பிறகு ஒரு பையன் இழுக்காமல் அழுத்திப் பார்த்தான். பளிச்சென்று ஒரு குழி விழுந்தது, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர்மை. அதுதான் ஆப்பெழுத்து. சுமேரியருக்கும் இப்படித்தான் நடந்தது. முதலில் படம் கீறினார்கள். சேற்றில் வளைகோடு வராது என்று கண்டபின், நாணல் குச்சியின் முனையை அழுத்தி அழுத்தி, ஆப்பு வடிவக் கோடுகளாலேயே எல்லாவற்றையும் எழுதினார்கள். சில நூற்றாண்டுகளில் மாட்டுத்தலை மாட்டுத்தலையாகத் தெரியவில்லை. வெறும் ஆப்புகளின் கூட்டம் ஆகிவிட்டது.

படத்திலிருந்து ஒலிக்குத் தாவியது எப்படி என்பதைத் தமிழில் எளிதாக விளக்கலாம். 'ஆறு' என்ற எண்ணை எழுத வழி தெரியாமல் ஓடுகிற ஆற்றின் படத்தைப் போட்டு வைப்பது போல. சுமேரியத்தில் 'தி' என்றால் அம்பு; 'தி' என்றால் உயிர் என்றும் பொருள். உயிரை எப்படி வரைவது? அம்பைப் போட்டார்கள். அந்தத் தாவல்தான் கணக்குக் குறியை மொழியின் எழுத்தாக மாற்றியது.

தண்ணீர் இருக்கும் இடத்தில் வரப்புச் சண்டையும் இருக்கும். லகாஷும் உம்மாவும் பக்கத்துப் பக்க நகரங்கள். நடுவில் வளமான ஒரு நிலம், அதற்கு ஒரு எல்லை வாய்க்கால். கீஷ் நகரத்து அரசர் மெசிலிம் வந்து மத்தியஸ்தம் செய்து எல்லைக்கல் நட்டார். உம்மாக்காரர்கள் அந்தக் கல்லைப் பிடுங்கினார்கள். கி.மு. 2450 வாக்கில் லகாஷின் அரசர் எயன்னாதும் போரில் வென்று ஒரு கல்லில் செதுக்கி வைத்தார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அதன் துண்டுகள் இருக்கின்றன. பிணந்தின்னிக் கழுகுகள் உம்மா வீரர்களின் தலைகளைக் கொத்திக்கொண்டு பறப்பதால் கழுகுக் கல் என்றே பெயர். அதோடும் முடியவில்லை. அவர் தம்பி மகன் என்மெதேனா களிமண் கூம்பு ஒன்றில் வழக்கின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்: உம்மா எடுத்த பார்லிக்கு வட்டி ஏறிக் கட்டவே முடியாத தொகையாயிற்று, பிறகு வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினார்கள் என்று. படிக்கும்போது ஏதோ பழைய சிவில் வழக்கின் கட்டைப் பிரித்தது போலவே இருக்கும். கடைசியில் உம்மாவின் லுகல்சாகேசி லகாஷை எரித்தார். அவரை வடக்கே இருந்த அக்காத் நகரத்தின் அரசர் சார்கோன் கி.மு. 2334-ஐ ஒட்டி வீழ்த்தி, சுமேரிய நகரங்களையெல்லாம் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்.

இங்கேதான் மொழி மாறத் தொடங்குகிறது. சார்கோன் பேசியது அக்காடியம். அரபு, எபிரேயம் போன்ற செமித்தியக் குடும்பம். பிற்காலப் பாபிலோனிய மொழி இதன் கிளைதான். இரு மொழியாரும் அதற்கு முன்பே பல நூற்றாண்டுகள் அக்கம்பக்கமாக வாழ்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் சொல் வாங்கியிருந்தார்கள். சுமேரியத்தில் 'துப்' என்றால் பலகை, 'துப்சார்' என்றால் எழுத்தர். அக்காடியத்தில் அதுவே துப்பு, துப்ஷர்ரு. 'எ-கல்' என்றால் சுமேரியத்தில் பெரிய வீடு. அக்காடியத்தில் ஏகல்லு என்று அரண்மனை ஆனது, எபிரேயத்தில் ஹேகால் என்று கோயிலையும் குறித்தது. 'சுமேர்' என்ற பெயரே அக்காடியர் வைத்தது. சுமேரியர் தங்களைச் சொல்லிக்கொண்டது 'கறுந்தலையர்' என்று.

தமிழ்க் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 'ஊர்' என்று ஒரு நகரம், நகரத்துக்கு 'உரு' என்று ஒரு சொல். பார்த்ததும் நமக்குச் சிலிர்க்கும், எனக்கும் சிலிர்த்திருக்கிறது. ஆனால் அந்த நகரத்தைச் சுமேரியர் அழைத்தது 'உரிம்' என்று. இரண்டு மொழி உறவு என்று சொல்ல, நாலு சொல் ஒத்துப்போவது போதாது. இந்த மொழியில் இந்த ஒலி வருமிடத்தில் அந்த மொழியில் அந்த ஒலி என்று ஒழுங்காக, நூற்றுக்கணக்கான சொற்களில் காட்ட வேண்டும். தமிழுக்கும் தெலுங்குக்கும் அப்படிக் காட்ட முடியும். சுமேரியத்துக்கு எந்த மொழியோடும் இதுவரை காட்ட முடியவில்லை. இரண்டும் ஒட்டுநிலை மொழி, அதாவது அடிச்சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் மொழி என்பார்கள். துருக்கியும் ஜப்பானியமும்கூட அப்படித்தான். மேலும், நம் வினைச்சொல்லில் எல்லாம் பின்னால்தான் ஒட்டும்: செய், செய்தான், செய்தானா. சுமேரிய வினையிலோ அடிச்சொல்லுக்கு முன்னால் ஒரு சங்கிலியே வரும். சுமேரியம் தமிழ் அல்ல. தமிழின் பழமைக்கு அந்தச் சான்று தேவையும் இல்லை.

உண்மையான தொடர்பு ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் நகரத்தின் அரச கல்லறைகளை 1920-களில் லெனார்ட் ஊலி தோண்டினார். கி.மு. 2600-ஐ ஒட்டிய அந்தக் கல்லறைகளில் ஆப்கானிஸ்தான் மலைகளின் லாபிஸ் லசுலி என்ற நீலக்கல் கிடைத்தது, சிந்துவெளிக் கைவினையான வெள்ளைக்கோடு போட்ட சூதுபவள மணிகளும் கிடைத்தன. தன் துறையில் மெலுஹா, மகான் (இன்றைய ஓமன் பகுதி), தில்முன் (பஹ்ரைன் பகுதி) நாட்டுக் கப்பல்கள் வந்து நின்றன என்று சார்கோன் பெருமையாகச் சொல்கிறார். மெலுஹா சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மெலுஹா மொழிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவர் பெயர் ஷு-இலிஷு, அவருடைய உருளை முத்திரை லூவரில் இருக்கிறது. அவர் என்ன மொழியைக் கேட்டு என்ன மொழியில் சொன்னாரோ!

அக்காத் விழுந்து, சிறிது குழப்பத்துக்குப் பின் கி.மு. 2112-ஐ ஒட்டி ஊர் நகரத்தில் ஊர்-நம்மு ஒரு புது அரசை நிறுவினார். அந்நகரின் புகழ்பெற்ற சிகுராட் என்ற படிக்கோபுரம் அவர் தொடங்கியதே. நமக்குக் கிடைத்த சட்டத் தொகுப்புகளிலேயே பழையது அவர் வம்சத்தினுடையது. கணக்கு எழுதுவதில் இந்த வம்சத்தை மிஞ்ச ஆளில்லை. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல் நீடித்த அந்த ஆட்சியிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பலகைகள் வந்திருக்கின்றன. ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி, நெசவுக்கூடப் பெண்ணுக்கு 30 சிலா. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். அரண்மனையின் பெருமையைவிட இந்த 60-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சமூகத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. கி.மு. 2004-இல் கிழக்கே இன்றைய ஈரானிலிருந்து வந்த ஏலாமியர் ஊர் நகரத்தைச் சூறையாடினார்கள். சுமேரியர் அரசாண்ட காலம் அதோடு முடிந்தது. வீடுகளில் சுமேரியம் பேசுவதும் மெல்ல நின்றுபோனது.

அப்புறம் பாபிலோன். மேற்கிலிருந்து வந்த அமோரியர் வம்சம், ஆறாவது அரசர் ஹம்முராபி, ஆட்சி கி.மு. 1792 முதல் 1750 வரை. அவருடைய கருங்கல் தூணில் சுமார் 282 விதிகள். இன்றைய ஈரானில் உள்ள சூசாவில் 1901-02-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். ஏலாமிய அரசர் ஒருவர் கொள்ளைப்பொருளாகத் தூக்கிப்போனது. 'கண்ணுக்குக் கண்' மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவை தண்ணீர் விதிகள். தன் வயலோரக் கரையைப் பலப்படுத்தச் சோம்பி, அது உடைந்து மற்றவர் பயிர் போனால், போன தானியத்தை அவன் ஈடுசெய்ய வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்று, பயிர் இழந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கடுமைதான். ஆறு வயலைவிட உயரத்தில் ஓடுகிற நாட்டில் ஒருவனுடைய சோம்பல் எல்லோருக்கும் பட்டினி.

அதே தூணில் 48-ஆம் விதி. கடன்பட்டவனுடைய வயலைப் புயல் தெய்வம் மூழ்கடித்தாலோ, வெள்ளம் அடித்துப்போனாலோ, தண்ணீர் இல்லாமல் விளையாமல் போனாலோ, அந்த ஆண்டு அவன் கடன் கொடுத்தவனுக்குத் தானியம் தர வேண்டியதில்லை. தன் பலகையை நனைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கு வட்டி இல்லை. 'பலகையை நனைப்பது' என்றால் களிமண்ணில் எழுதிய கடன் பத்திரத்தை ஈரமாக்கி வாசகத்தை மாற்றுவது. பார்லிக் கடனுக்கு வட்டி மூன்றில் ஒரு பங்காக இருந்த காலம் அது. ஒரு வறட்சி வந்தால் மனைவி, மக்களைக் கடனுக்கு அடிமையாக விட வேண்டியதுதான். அந்த இடத்தில் சட்டம் வந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள் என்கிறது. இந்த வரியை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

பாபிலோனியக் காலத்தில் எழுத்துப்பள்ளிகள் பெரும்பாலும் சாதாரண வீடுகளே. நிப்பூர் நகரத்தில் தோண்டிய ஒரு சிறிய வீட்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பலகைகள் கிடைத்தன. ஒருபக்கம் ஆசிரியர் எழுதியது, மறுபக்கம் பையன் பார்த்து எழுதியது. அந்தப் பையன் வீட்டில் அக்காடியம் பேசுபவன். பள்ளியில் செத்துப்போன சுமேரியத்தை மனப்பாடம் செய்கிறான். சுமேரியம் பிழைத்ததே இப்படிப் பிள்ளைகளின் கைவழியாகத்தான். அவர்கள் பார்த்தெழுதிய ஒரு கதையில், தாமதமாக வந்ததற்கு அடி, பேசியதற்கு அடி, கையெழுத்து சரியில்லை என்று அடி என்று ஒரு மாணவன் நாள் முழுக்க வாங்குகிறான். பிறகு அவன் சொல்லி அப்பா ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்து, புது உடையும் மோதிரமும் கொடுக்க, ஆசிரியர் மனம் குளிர்ந்து வாழ்த்துகிறார்.

கணக்கில் அவர்கள் தொட்ட உயரம் வேறு. 60-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை. நம் மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை எல்லாம் அந்த வழி வந்தவை. யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கை அளவு வட்டப் பலகை ஒன்று இருக்கிறது, ஏதோ மாணவனுடையது. ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டம், மேலே நான்கு எண்கள்: 1, 24, 51, 10. அறுபதின் கணக்கில் வகுத்துக் கூட்டிப் பார்த்தால் 1.41421 என்று வரும். இரண்டின் வர்க்கமூலம், ஐந்து தசம இடம் சரி. பித்தகோரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்.

ஊர் நகரத்தில் ஏயா-நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி இருந்தார், கி.மு. 1750-ஐ ஒட்டி. நன்னி என்பவர் அவருக்கு எழுதிய கடிதம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல செம்பு தருகிறேன் என்று சொல்லி மட்டமானதைக் காட்டினாய், என் ஆளை மதிக்காமல் பேசினாய், இனிமேல் என் முற்றத்தில் நானே பொறுக்கித்தான் எடுப்பேன் என்கிறார். கையகலப் பலகையில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறது. கோபம் ஆறவில்லை என்பது எழுத்தின் நெருக்கத்திலேயே தெரியும்.

சரி, மறைந்தது எப்படி? ஒரே காரணம் சொல்ல முடியாது. படையெடுப்பு உண்டு: கி.மு. 1595-இல் இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து வந்த ஹிட்டைட்டுகள் பாபிலோனைச் சூறையாடினார்கள். மெதுவாகக் கொன்ற எதிரி உப்பு. ஆற்றுநீரில் கொஞ்சம் உப்பு எப்போதும் இருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். வடிகால் இல்லாமல் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் நிலத்தடி நீர் மேலேறி, அடியிலுள்ள உப்பையும் வேரடிக்குக் கொண்டுவரும். நிலம் உவர் பூக்கும். கோதுமை இதைத் தாங்காது, பார்லி ஓரளவு தாங்கும். அங்கே பார்லி இவ்வளவு ஓங்கியதற்கு இதுவும் காரணம். உப்பு மட்டுமே சுமேரியரை வீழ்த்தியது என்று 1950-களில் எழுந்த வாதத்தைப் பிறகு பலர் மறுத்தார்கள். ஓராண்டு விட்டு ஓராண்டு தரிசு போடும் வழக்கம் உழவர்களிடம் இருந்தது என்று காட்டினார்கள். ஆனால் உழவனுக்கு அந்தப் பயம் இருந்தது உறுதி. பாபிலோனியரின் வெள்ளக் கதையில் தெய்வங்கள் மனிதரைத் தண்டிக்கும்போது, கறுத்த வயல்கள் வெளுத்தன, பரந்த வெளியில் உப்பு பூத்தது என்று வருகிறது.

ஹம்முராபியின் மகன் காலத்திலேயே கலகமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்து தெற்கே ஊர், உருக் போன்ற நகரங்கள் வெறிச்சோடின. பிற்பாடு அவற்றில் சில மீண்டும் எழுந்தன. ஆறும் படுகையை மாற்றிக்கொண்டு விலகியது. அன்று கடலுக்குப் பக்கத்தில் இருந்த ஊர் நகரம் இன்று உள்நாட்டுப் பாலையில் கிடக்கிறது.

பாபிலோன் மட்டும் நெடுநாள் நின்றது. இரண்டாம் நெபுகாத்நேச்சார் (கி.மு. 605–562) நீலச் செங்கல் இஷ்தார் வாயிலைக் கட்டினார். தொங்கும் தோட்டம் பற்றிப் பாபிலோனியப் பலகை எதிலும் ஒரு சொல்கூட இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். கி.மு. 539-இல் பாரசீகரின் சைரஸ் நகரைப் பிடித்தார். அதோடு அரசு போனது. எழுத்து போகவில்லை. தெருவில் அராமிய மொழி, பிறகு ஆட்சியில் கிரேக்கம், தோலில் மை கொண்டு எழுதும் காலம். கோயிலில் சில குடும்பங்கள் மட்டும் தொடர்ந்து களிமண் பிசைந்து, நாணல் வெட்டி, இரவில் வானத்தைப் பார்த்து நாட்குறிப்பு எழுதின. கி.மு. 323-இல் அலெக்சாண்டர் அங்கே இறந்தது அந்தக் குறிப்பில் ஒரு வரி: அரசர் இறந்தார், வானத்தில் மேகம். அவ்வளவுதான். எந்த அரசர் வந்தாலும் போனாலும், நிலவும் கோள்களும் எழுதி முடித்தபின், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டு கணக்கு வரும். ஒரு ஷெக்கல் எடை வெள்ளிக்கு எவ்வளவு பார்லி. யூப்ரடீஸ் எத்தனை விரல் ஏறியது அல்லது இறங்கியது.